நலிந்த வட்டிலிருந்து சிறிய எஸ்எஸ்டிக்கு: லினக்ஸ் பார்ட்டிஷன்களை இடம் மாற்றிய ஒரு நிகழ்வின் ஆய்வு

டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் ஒரு மேசைக் கணினி. உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க். எப்போதும்போல் ஓடிக்கொண்டிருக்கும், ஹோமில், அதாவது பயனரின் கோப்புகள் இருக்கும் பகுதியில், சில கோப்புறைகளைத் திறந்தால் மட்டும் அரை நிமிடம் அப்படியே உறைந்து நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். அந்த அரை நிமிடம் தற்செயல் அல்ல. வட்டிடம் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் லினக்ஸின் மைய நிரலான கெர்னல் வழக்கமாக 30 விநாடி பொறுத்துப் பார்த்து, இணைப்பை ரீசெட் செய்து, மறுபடி கேட்கும். கெர்னல் பதிவைத் திறந்தால் அதற்குச் சாட்சி இருந்தது: "ஐ/ஓ எரர்" என்றொரு வரி, பக்கத்தில் ஒரு செக்டர் (வட்டின் சிறு சேமிப்பு அலகு) எண், கொஞ்சம் கீழே அதே எண் மறுபடியும்.

உரிமையாளர் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பழைய வட்டில் இருப்பதெல்லாம் அதற்கு அப்படியே போக வேண்டும், மறுபடி நிறுவும் பேச்சே வேண்டாம் என்பது அவருடைய கோரிக்கை. பல வருடமாகச் சிறுகச் சிறுகச் செய்து வைத்த அமைப்பு என்பதால் அது நியாயம்தான்.

வட்டின் அமைப்பு இது: பகுதிகளின் பட்டியலான ஜிபிடி அட்டவணை, அதில் நான்கு பார்ட்டிஷன்கள் (வட்டைப் பிரித்த பகுதிகள்). முதலில் பூட் கோப்புகள் உள்ள 512 எம்பி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், அடுத்து கணினி அமைப்பு இருக்கும் 60 ஜிபி ரூட், நினைவகத்துக்குத் துணையான 8 ஜிபி ஸ்வாப், மீதி முழுவதும் ஹோம். ரூட்டும் ஹோமும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறை. ஹோமில் பயன்பாட்டில் இருந்தது ஏறத்தாழ 250 ஜிபி. ஆக, கோப்புகள் எல்லாம் புதிய எஸ்எஸ்டியில் தாராளமாக அடங்கும்; ஆனால் பார்ட்டிஷன் அடங்காது.

இதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, சாகும் நிலையில் உள்ள வட்டிலிருந்து பைட்டுகளை வெளியே எடுப்பது. மற்றொன்று, அந்தப் பைட்டுகளைச் சுருக்கி, இடம் மாற்றி, கிரப்பும் (லினக்ஸைத் தொடங்கும் நிரல்) எஃப்எஸ்டேப்பும் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்ற பட்டியல்) ஃபர்ம்வேரும் (மதர்போர்டின் சொந்த நிரல்) ஏற்கும்படி புதிய இடத்தில் உட்கார வைப்பது. வட்டு நன்றாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம். நலிந்த வட்டில் முதல் வேலை முழுவதும் முடிந்து, பழைய வட்டைக் கழற்றி வைத்த பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகள் அநேகமாக எல்லாமே இதிலிருந்து வந்தவைதான்.

வட்டின் நிலை

வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் பார்க்க வேண்டிய எண்கள் நான்குதான். 5-ஆம் பண்பு, வட்டு ஏற்கெனவே கைவிட்டு மாற்றிடம் கொடுத்த செக்டர்களின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் முடிவு நிலுவையில் இருப்பவை. 198, வட்டு தானே சோதித்தபோதும் படிக்க முடியாமல் போனவை. 199, கேபிள் வழியே தரவு பழுதடைந்த தடவைகள். இந்த வட்டில் 199 சுழியம். 5-உம் 197-உம் சுழியம் இல்லை. 199 மட்டும் ஏறியிருந்தால் கேபிளை மாற்றிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கலாம். இங்கே அந்த ஆறுதல் இல்லை.

இந்தக் கட்டத்தில் பலரும் உடனே இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று ஸ்மார்ட்டின் நீண்ட சுயசோதனை, மற்றொன்று கோப்பு முறைமைச் சோதனை. இரண்டுமே வேண்டாம். நீண்ட சோதனை வட்டு முழுவதையும் படிக்கும்; வட்டில் மிச்சமிருக்கும் உயிரை நகலெடுக்காத ஒரு வாசிப்புக்குச் செலவழிப்பதில் என்ன லாபம்? கோப்பு முறைமைச் சோதனை அதைவிட மோசம். அது எழுதும். படிக்க முடியாத இடத்தை "காலி" என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தொங்கும் கோப்புகளை வெட்டிவிடக்கூடும். அந்தச் சோதனையை நகலில் செய்யலாம்; மூலத்தில் கூடாது. கணினி முழுமையாக அணைக்கப்பட்டது. ஹைபர்னேட் செய்யவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஹைபர்னேட் ஆன கணினியின் நினைவகம் ஸ்வாப்பில் உறைந்திருக்கும், கோப்பு முறைமைகளும் மூடப்படாமல் பாதியில் நிற்கும். அந்த நிலையில் எடுக்கும் நகலை நம்ப முடியாது.

கருவியைத் தேர்ந்தது

முதலில் கைக்கு வருவது, பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளை. நல்ல வட்டுக்கு அதில் குறையொன்றும் இல்லை. கெட்ட செக்டர் வந்தால் அது அங்கேயே நின்றுவிடும். நிற்காமல் போகச் சொல்லும் 'நோஎரர்' விருப்பத்தை மட்டும் கொடுத்தால், படிக்க முடியாத துண்டு நகலில் விடுபட்டு, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் முன்னால் நகர்ந்துவிடும். கோப்பு முறைமைக்கு அது மரண அடி. 'சிங்க்' சேர்த்தால் இடம் பிசகாது, ஆனால் விடுபட்ட துண்டு சுழியத்தால் நிரப்பப்படும். வேகத்துக்காக 4 எம்பி துண்டுகளாகப் படிக்கச் சொல்லியிருந்தால், ஒரே ஒரு செக்டருக்காக அதன் அக்கம்பக்கத்து நல்ல தரவும் சேர்ந்து சுழியமாகலாம். எங்கே போனது என்ற ஒழுங்கான பதிவும் மிஞ்சாது.

வட்டு நகலெடுக்கும் மென்பொருளான குளோன்சில்லா உள்ளுக்குள் பயன்படுத்தும் பார்ட்குளோன் வேறு வகை. எந்த பிளாக் (கோப்பு முறைமை இடத்தைப் பிரிக்கும் துண்டு) பயன்பாட்டில் என்று குறித்திருக்கும் பிட்மேப்பைப் படித்து, பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் நகலெடுக்கும். முக்கால்வாசி காலியாக இருக்கும் ஹோமுக்கு இது மிகவும் பொருத்தம். ஆனால் கெட்ட இடங்களைச் சுற்றி நிதானமாக, பொறுமையாக, பல முறை வந்து கேட்கும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது.

அந்தச் சாமர்த்தியம் குனு டிடிரெஸ்க்யூவுக்கு உண்டு. (பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. நடுவில் அடிக்கோடு போட்ட டிடி_ரெஸ்க்யூ என்பது வேறொருவர் எழுதிய வேறொரு கருவி. டெபியனில் நமக்கு வேண்டிய தொகுப்பின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. நிறுவிய பிறகு கட்டளை டிடிரெஸ்க்யூ.) இது முதல் சுற்றில் சுலபமாக வருவதை அள்ளும், இடர்ப்பட்டால் தாண்டிப் போகும். பிறகு திரும்பி வந்து கெட்ட பகுதியின் ஓரங்களைச் செதுக்கும். அதற்கும் பிறகுதான் உள்ளே செக்டர் செக்டராகச் சுரண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை வரைபடக் கோப்பு ஒன்றில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கோப்பு முறைமை என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. காலி இடத்தையும் அதே சிரத்தையோடு படித்துக்கொண்டிருக்கும்.

இரண்டையும் இணைக்க ஒரு வழி இருக்கிறது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை என்பது என் ஆதங்கம். பார்ட்குளோனில் 'டொமைன்' என்று ஒரு விருப்பம் உண்டு. அதைக் கொடுத்தால் அது நகலெடுக்காது. பயன்பாட்டில் உள்ள பிளாக்குகள் எங்கெங்கே என்று டிடிரெஸ்க்யூவுக்குப் புரியும் வடிவில் ஒரு கோப்பை எழுதித் தரும். அந்தக் கோப்பை டிடிரெஸ்க்யூவிடம் கொடுத்தால், அந்த இடங்களை மட்டும் படிக்கும். ஹோமின் 863 ஜிபியில் ஏறத்தாழ 250 ஜிபி மட்டும் படித்தால் போதும் என்பது நேரத்தைவிட வட்டின் ஆயுளுக்கு முக்கியம். இதற்கு விலையும் உண்டு. நீக்கப்பட்ட கோப்புகளின் மிச்சங்கள் நகலில் வராது; பின்னொரு நாள் எதையாவது மீட்க நினைத்தால் அந்த நகல் உதவாது. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டுதான் இந்த வழி எடுக்கப்பட்டது.

நகலெடுத்தது

வட்டைச் சாராமல் தானே ஓடும் லினக்ஸ் உள்ள லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, தானியங்கி மவுன்ட்டை (பார்ட்டிஷனைப் பயன்பாட்டுக்கு இணைப்பதை) முதலில் நிறுத்தியாயிற்று. சில லைவ் அமைப்புகள் வட்டில் ஸ்வாப்பைக் கண்டால் தாமாகவே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிடும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வட்டு பிளாக்டெவ் கட்டளையால் படிக்க மட்டும் என்று குறிக்கப்பட்டது. வட்டுகளுக்கு லினக்ஸ் இடும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை எங்கும் பயன்படுத்தவில்லை. அவை ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை. வட்டு நடுவில் ரீசெட் ஆகித் திரும்பி வந்தால் வேறு எழுத்தோடும் வரும். மாடலும் வரிசை எண்ணும் சேர்ந்த நீளப் பெயர்கள் 'பை-ஐடி' கோப்புறையில் இருக்கின்றன. தட்டச்ச அலுப்பாக இருக்கும், ஆனால் எது எந்த வட்டு என்ற சந்தேகமே வராது.

நகல் நேரே எஸ்எஸ்டிக்குப் போகவில்லை. 2 டிபி வெளிவட்டு ஒன்றில், பார்ட்டிஷனுக்கு ஒன்றாக இமேஜ் கோப்புகளாகப் போனது. அந்த வெளிவட்டு எக்ஸ்ட்4 ஆக இருந்தது நல்லதாயிற்று. ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஏற்கும், ஆனால் நடுவில் ஓட்டைகள் (வட்டில் இடம் பிடிக்காத காலிப் பகுதிகள்) உள்ள கோப்பை வைத்துக்கொள்ளத் தெரியாது. 863 ஜிபி நீளமும் 250 ஜிபி உடம்பும் உள்ள இமேஜுக்கு அந்த ஓட்டைகள் தேவை.

வரிசையும் யோசித்தே வைக்கப்பட்டது. முதலில் எஸ்ஜிடிஸ்க் கொண்டு ஜிபிடி அட்டவணையின் காப்பு. பிறகு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், ரூட், கடைசியில் ஹோம். சிறியதும் இன்றியமையாததும் முன்னால். ஸ்வாப் நகலெடுக்கப்படவே இல்லை. அதில் காப்பாற்ற எதுவும் இல்லை. முழு வட்டாக அல்லாமல் பார்ட்டிஷன் வாரியாக எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரைபடக் கோப்பில் வரும் இட எண்கள் அந்தப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டவையாக இருக்கும். அதன் பயன் கீழே வருகிறது.

முதல் சுற்று 'நோ-ஸ்கிரேப்' விருப்பத்தோடு, அதாவது சுரண்டல் வேண்டாம் என்று சொல்லி ஓடியது. ஈஎஃப்ஐயும் ரூட்டும் ஒரு பைட் குறையாமல் வந்தன. ஹோமில் சில இடங்களில் வேகம் தடாலென்று விழுந்தது, வட்டு டக் டக்கென்று சத்தம் போட்டது, பிறகு மீண்டது. இரண்டாவது சுற்றில் சுரண்டல் அனுமதிக்கப்பட்டது. கெர்னலின் இடைநினைவைத் தவிர்த்து வட்டை நேரடியாகப் படிக்கும் விருப்பமும் சேர்ந்தது. முடிவில் மிஞ்சியது மூன்று இடங்கள், ஒவ்வொன்றும் 4096 பைட்.

4096 என்ற எண் தானாக வந்து விழுந்ததல்ல. வெளியே 512 பைட் செக்டர் என்று சொல்லிக்கொள்ளும் இக்கால வட்டுகள் பெரும்பாலும் உள்ளே 4096 பைட்டாகத்தான் எழுதுகின்றன. போனால் எட்டு செக்டர்களும் சேர்ந்தே போகும். எக்ஸ்ட்4 பிளாக்கின் வழக்கமான அளவும் 4096-தான். பார்ட்டிஷன் சரியாக ஒழுங்கமைந்திருந்தால், கெட்ட இடம் ஒன்று என்றால் கோப்பு முறைமையின் பிளாக் ஒன்று.

அந்த மூன்று பிளாக்குகள் யாருடையவை

இந்த நிகழ்வில் மிகவும் சுவையான பகுதி இதுதான். "99.99 சதவீதம் மீட்கப்பட்டது" என்று டிடிரெஸ்க்யூ திரையில் காட்டும்போது பலரும் அத்தோடு எழுந்துவிடுவார்கள். மூன்று பிளாக் என்பது 12 கேபி. அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, அது ஒன்றுமே இல்லாமலும் போகலாம், ஒரு கோப்புறையே காணாமலும் போகலாம்.

வரைபடக் கோப்பில் ஒவ்வொரு வரியும் ஒரு பகுதி: தொடங்கும் இடம், நீளம், ஒரு குறி. கூட்டல் குறி என்றால் வந்துவிட்டது. கழித்தல் குறி என்றால் வரவில்லை. எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். கழித்தல் குறியுள்ள ஒரு வரியின் தொடக்கத்தைப் பத்தடிமானத்துக்கு மாற்றினால் 168786874368. அதை 4096-ஆல் வகுத்தால் 41207733. பார்ட்டிஷன் வாரியாக நகலெடுத்ததால் இதுவே எக்ஸ்ட்4 பிளாக் எண். வேறு எதையும் கழிக்க வேண்டியதில்லை.

இமேஜை, எக்ஸ்ட்4-இன் உள்ளமைப்பைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் திறந்து 'ஐசெக்' என்று அந்த எண்ணைக் கொடுத்தால், அந்த பிளாக்கை வைத்திருக்கும் ஐநோட் (ஒரு கோப்பின் விவரங்கள் உள்ள பதிவு) எண் வரும். அந்த எண்ணை 'என்செக்'குக்குக் கொடுத்தால் கோப்பின் முழுப் பாதை வரும். அது ஒரு வீடியோ. ஓரிடத்தில் படம் ஒரு கணம் கலங்கும், அவ்வளவுதான். இரண்டாவது எண்ணுக்குப் பிரவுசரின் தற்காலிகக் கோப்பு ஒன்று வந்தது. அதைப்பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாவது எண் 18350112. ஐசெக் எந்த ஐநோடையும் காட்டவில்லை. காலி இடம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும்தானே படித்தோம். காலி இடமாக இருந்தால் இந்த எண் பட்டியலுக்கே வந்திருக்காது. எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாமல், ஆனாலும் பயன்பாட்டில் இருக்கிறது என்றால் அது கோப்பு முறைமையின் சொந்தக் கணக்குப் புத்தகம். கோப்பு முறைமையின் அமைப்பைப் பட்டியலிடும் டம்ப்இ2எஃப்எஸ்ஸின் நீண்ட பட்டியலில் தேடினால் தெரிந்தது: 560-ஆம் பிளாக் தொகுதியின் ஐநோட் அட்டவணை அந்த எண்ணில்தான் தொடங்குகிறது.

ஒரு ஐநோடுக்கு 256 பைட். ஒரு பிளாக்கில் 16 ஐநோட்கள். தொகுதிக்கு 8192 ஐநோட் என்பதால், போனவை 4587521 முதல் 4587536 வரை. இந்தப் பதினாறையும் என்செக்கிடம் கேட்டபோது ஒன்றுக்கு மட்டும் பெயர் வந்தது, முதல் எண்ணுக்கு. அது ஒரு கோப்புறை. மற்ற பதினைந்துக்கும் பெயர் வராததற்குக் காரணம் இருக்கிறது. பெயர் ஐநோடில் இருப்பதில்லை. அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையின் பிளாக்கில்தான் இருக்கும். அந்தக் கோப்புறையைத் திறக்க வேண்டிய ஐநோடே போய்விட்டால், உள்ளே இருந்த பெயர்களை யார் சொல்வார்கள்? இமேஜில் எதையும் மாற்றாமல் சோதிக்கும் வகையில் எக்ஸ்ட்4 சோதனைக் கருவியான இ2எஃப்எஸ்சிகேயை ஓட்டிப் பார்த்தால் அதே கதைதான். மேல் கோப்புறையில் உள்ள ஒரு பதிவு இல்லாத ஐநோடைக் காட்டுகிறது என்றது. அப்புறம், எந்தக் கோப்புறையிலும் சேராத ஐநோட்களின் நீண்ட வரிசை ஒன்று. திருத்து என்று அனுமதித்திருந்தால் அந்தக் கோப்புறையின் பதிவு நீங்கியிருக்கும். உள்ளே இருந்தவற்றில் பிழைத்தவை 'லாஸ்ட்+ஃபவுண்ட்' கோப்புறையில் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு குவிந்திருக்கும். அந்தக் கோப்புறையைச் சேர்ந்த தரவு பிளாக்குகள் ஒன்றுகூடக் கெடவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அதனால் அந்த ஒரு பிளாக்குக்காக மட்டும் வட்டை மறுபடி தொந்தரவு செய்வது தகும் என்று முடிவாயிற்று. டிடிரெஸ்க்யூவுக்கு இடமும் நீளமும் குறிப்பிட்டு, மீள் முயற்சிகளோடு ஓட்டியதில் பலனில்லை. பின்னிருந்து முன்னாகப் படிக்கும் 'ரிவர்ஸ்' விருப்பத்தோடு ஓட்டியபோது வந்துவிட்டது. வரைபடத்தில் அந்த வரியின் கழித்தல் குறி கூட்டல் குறியாயிற்று. இது எப்போதும் நடக்கும் என்று சொல்ல முடியாது, இங்கே நடந்தது. வீடியோவுக்கும் தற்காலிகக் கோப்புக்கும் அதே முயற்சியைச் செய்யவில்லை. பழைய வட்டு அத்தோடு கழற்றப்பட்டது.

சுருக்கியது

ஹோம் இமேஜுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் வேலை தொடங்கியது. இ2எஃப்எஸ்சிகே இப்போது சுத்தமாக முடிந்தது. எக்ஸ்ட்4-ஐச் சுருக்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்தே தீர வேண்டும் என்று அளவை மாற்றும் கருவியான ரீசைஸ்2எஃப்எஸ் அடம்பிடிக்கும்.

பெட்டியில் 500 ஜிபி என்று எழுதியிருக்கும் எஸ்எஸ்டி ஆயிரத்தின் கணக்கில் 500,107,862,016 பைட். ரீசைஸ்2எஃப்எஸ்ஸின் 'ஜி' 1024-இன் கணக்கு. அதன்படி இது 465.76 மட்டுமே. ஈஎஃப்ஐ, ரூட், ஸ்வாப் மூன்றும் 68.5 எடுத்துக்கொண்டால் ஹோமுக்கு 397 சொச்சம். சரியாக 397-க்குச் சுருக்க முனைவதில் அர்த்தமில்லை. ஒரு செக்டர் பிசகினாலும் மவுன்ட் ஆகாது. 380-க்குச் சுருக்கி, புதிய இடத்தில் வைத்த பிறகு அளவு சொல்லாமல் ரீசைஸ்2எஃப்எஸ்ஸை ஓட்டினால் பார்ட்டிஷன் முழுவதும் தானே விரிந்துகொள்ளும்.

சுருக்குவது என்றால் கோட்டுக்கு அப்பால் இருக்கும் ஒவ்வொரு பிளாக்கையும் இப்பால் கொண்டு வருவது. பழைய வட்டிலேயே சுருக்கிவிட்டு நகலெடுக்கலாம் என்று சில வழிகாட்டிகள் சொல்வதுண்டு. நல்ல வட்டில் அது செல்லும். நிலுவைச் செக்டர்கள் உள்ள வட்டில் பல ஜிபி தரவை இடம் மாற்றி எழுதச் சொல்வது என்னைக் கேட்டால் தற்கொலை முயற்சி.

புதிய வட்டில் குடியமர்த்தியது

அளவுகள் வேறு என்பதால் பழைய அட்டவணையை அப்படியே எஸ்எஸ்டியில் பதிக்கவில்லை. புதிதாக ஜிபிடி எழுதப்பட்டது. முன்னதாக இரண்டு வட்டுகளும் 512 பைட் தருக்கச் செக்டரைத்தான் காட்டுகின்றனவா என்று ஒரு பார்வை. சில யூஎஸ்பி டாக்குகள் வட்டை 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். அதன் வழியே எழுதிய அட்டவணை, வட்டை நேரே மதர்போர்டின் சாட்டா இணைப்பில் மாட்டியதும் அர்த்தமற்றுப் போகும். இங்கே எஸ்எஸ்டி நேரே மதர்போர்டில் மாட்டப்பட்டதால் அந்தச் சிக்கல் எழவில்லை. (ஒரே அளவு வட்டுகளுக்கு எஸ்ஜிடிஸ்க்கின் 'ரெப்ளிகேட்' வசதியாக இருக்கும். ஆனால் அந்த விருப்பத்துக்குப் பக்கத்தில் எழுதுவது இலக்கு வட்டு. மூல வட்டு கட்டளையின் கடைசியில் வரும். மாற்றி எழுதினால் காலி அட்டவணை நல்லதன் மேல் ஏறிவிடும்.)

அடையாளங்கள் விஷயத்தில் ஒரு முடிவு தேவைப்பட்டது. கோப்பு முறைமைக்கு யூயூஐடி என்ற அடையாள எண், பார்ட்டிஷனுக்கு வேறொரு அடையாள எண். எஃப்எஸ்டேப் முதலாவதை நம்புகிறது. ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் இருக்கும் கிரப்பின் சிறு அமைவுக் கோப்பும் அதையே நம்பித்தான் ரூட்டைத் தேடுகிறது. ஃபர்ம்வேரின் பூட் பதிவோ இரண்டாவதை நினைவில் வைத்திருக்கிறது. பழைய வட்டு இந்தக் கணினியில் இனி ஒருபோதும் மாட்டப்படாது என்பதால் எல்லாவற்றையும் பழையபடியே வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கப்பட்டது. ஸ்வாப்பைப் புதிதாக உருவாக்கும்போதும் பழைய யூயூஐடியையே கொடுத்தாயிற்று. கொடுக்காமல் விட்டால் பூட்டின் நடுவே, சேவைகளைத் தொடங்கும் நிரலான சிஸ்டம்டி இல்லாத ஸ்வாப்புக்காக ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டிருக்கும். ஹைபர்னேட்டிலிருந்து மீளும் இடத்தைக் குறித்து வைத்திருக்கும் கோப்பும் பழைய எண்ணைத் தேடித் தன் பங்குக்குத் தாமதிக்கும்.

இரண்டு வட்டுகளும் சேர்ந்தே இருக்கப் போகின்றன என்றால் முடிவு தலைகீழாக வேண்டும். ஒரே யூயூஐடி உள்ள இரண்டில் எதை மவுன்ட் செய்யும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். புதிய வட்டில் பூட் ஆகி, பழைய ரூட்டில் ஓடிக்கொண்டிருப்பது உண்மையிலேயே நடக்கும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இரண்டாவதை மவுன்ட் செய்ய மறுத்துக் கண்டிப்பாக இருக்கும். பிடிஆர்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமை இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பும். அங்கே தரவே கெடலாம்.

ஈஎஃப்ஐயும் ரூட்டும் டிடி மூலம் முழுதாக எழுதப்பட்டன. ஹோம் இமேஜ் லூப் சாதனமாக, அதாவது ஒரு வட்டைப்போல, மாட்டப்பட்டு, பார்ட்குளோனால் பயன்பாட்டு பிளாக்குகள் மட்டும் போயின. டிடியின் 'ஸ்பார்ஸ்' விருப்பம் இதே காரியத்தைச் செய்வதுபோல் தோன்றும், ஆனால் செய்யாது. அது சுழியங்கள் நிறைந்த துண்டை எழுதாமல் தாண்டும். கோப்பு ஒன்றில் நியாயமாகவே சுழியங்கள் இருந்து, இலக்கில் அந்த இடத்தில் பழைய குப்பை இருந்தால், குப்பை கோப்பாகிவிடும்.

பூட் ஆகவில்லை

எல்லாம் பழைய அடையாளங்களோடு இருந்தும், வெளிவட்டையும் லைவ் யூஎஸ்பியையும் எடுத்துவிட்டுக் கணினியைப் போட்டால் நேரே ஃபர்ம்வேர் அமைவுத் திரைதான் வந்தது. கிரப் வரை போகவே இல்லை.

காரணம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, பூட் பதிவுகளைக் காட்டும் ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆரை ஓட்டினால், முன்பு இருந்த டெபியன் வரியைக் காணோம். பழைய வட்டைக் கழற்றிய பிறகு, எழுதப்படாத எஸ்எஸ்டியோடு கணினி ஒரு முறை பூட் ஆகியிருந்தது. சில ஃபர்ம்வேர்கள், தம் பதிவில் உள்ள பார்ட்டிஷன் எந்த வட்டிலும் இல்லையென்றால் அந்தப் பதிவையே நீக்கிவிடும். இது அந்த ரகம். முன்னெச்சரிக்கையாகப் பழைய வட்டைக் கழற்றியதுதான் இங்கே வினையாயிற்று. ஆனாலும் அடுத்த முறையும் கழற்றுவதே சரி. போன பூட் பதிவை ஒரு வரிக் கட்டளையில் திரும்பக் கொண்டு வரலாம்.

லைவ் யூஎஸ்பி யூஈஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்க வேண்டும். பழைய பயாஸ் முறையில் வந்திருந்தால் இந்தப் பதிவுகள் கண்ணுக்கே தெரியாது. புதிய ரூட்டை மவுன்ட் செய்து, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் தேவையான கெர்னல் கோப்புறைகளையும் அதனுள் இணைத்து, சிஹெச்ரூட் செய்து (அதற்குள் நுழைந்து), கிரப்-இன்ஸ்டாலை ஓட்டியதும் பதிவு திரும்பியது. கூடவே டெபியன் தானாகச் சேர்த்த 'ஃபோர்ஸ்-எக்ஸ்ட்ரா-ரிமூவபிள்' விருப்பமும் கொடுக்கப்பட்டது. பதிவு எதுவும் இல்லாதபோது ஃபர்ம்வேர் போய்ப் பார்க்கும் பொது இடத்தில் கிரப்பின் இன்னொரு பிரதியை அது வைக்கும். அதன் பிறகு இந்த ஃபர்ம்வேர் எதை மறந்தாலும் பிரச்சினை இல்லை.

சரிபார்த்தது

முதல் மவுன்ட்டுக்கு முன்பே, ஈஎஃப்ஐயும் ரூட்டும் இமேஜோடு பைட்டுக்குப் பைட் ஒப்பிடப்பட்டிருந்தன. வரிசை மாறினால் இந்த ஒப்பீடு வீண். ஒரு முறை மவுன்ட் செய்தாலே நேர முத்திரையும் ஜர்னலும் (மாற்றங்களின் குறிப்பேடு) மாறிவிடும், பிறகு ஹேஷ் (தரவின் சுருக்க அடையாளம்) பொருந்தாமல் போவதைப் பார்த்து வீணாகக் கலங்க நேரும். ஹோமில் காலி பிளாக்குகள் எழுதப்படாததால் அப்படி ஒப்பிட முடியாது. அதனால் இமேஜும் புதிய பார்ட்டிஷனும் ஜர்னலைத் தொடாமல், படிக்க மட்டும் மவுன்ட் செய்யப்பட்டு, ஆர்சிங்க்கின் செக்சம் ஒப்பீடு ஒத்திகையாக ஓடியது. வேறுபாடு எதுவும் வரவில்லை. பூட் ஆன பிறகு டெப்சம்ஸ் கணினித் தொகுப்புகளின் கோப்புகளைச் சரிபார்த்தது. எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் எஃப்எஸ்டிரிம் ஒரு முறை கையால் ஓட்டப்பட்டு, வாரந்தோறும் தானே ஓடும்படி டைமரும் இயக்கப்பட்டது. ரூட்டை டிடி முழுதாக எழுதியதால், காலி இடமும் நிரம்பியிருப்பதாக எஸ்எஸ்டி நினைத்துக்கொண்டிருந்தது. அதைத் தெளிவுபடுத்தத்தான் முதல் ஓட்டம்.

பழுதான வீடியோவின் பெயர் உரிமையாளரிடம் கொடுக்கப்பட்டது. பழைய வட்டை அழித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டார். சுழியங்களை எழுதி அழித்தால், வட்டு ஏற்கெனவே கைவிட்டு மாற்றிடம் கொடுத்த செக்டர்களை அது எட்டாது. அவற்றில் பழைய தரவு அப்படியே கிடக்கும். ஹோம் குறியாக்கம் செய்யப்பட்டதும் அல்ல. தட்டுகளை உடைத்துப் போடுவது என்று முடிவாயிற்று, அதுவும் இமேஜ்களுக்கு இன்னொரு காப்பு எடுத்த பிறகு.